மைனஸ் முப்பத்தொன்று

முட்டம் பாரிஷ் ஹால். சனிக்கிழமைக் கல்யாணத்தின்
மாலைநார் இன்னும் தொங்கும் ஆணியிலிருந்து
மெர்சலின் அளக்கத் தொடங்குகிறாள்.

வலைக் கம்பெனியில் அவள் வேலை
நூலை அறும்வரை இழுத்து
அறுந்த நேரத்து எண்ணைக் குறித்துவைப்பது.
எட்டு வருடம்.
அதனால் என் பாராகிளைடரின் கயிறுகளை
அவள் பரிதாபமாகப் பார்க்கவில்லை.

டைல்ஸ் ஒட்டுகிறவரிடம் இரவல் வாங்கிய லேசர்.
ஏலக்காரரின் மீன்தராசு.
ஒவ்வொரு கயிற்றையும் ஐந்து கிலோவுக்கு இழுத்து நிற்கிறேன்,
ஒரு சின்ன நெய்மீனின் கனத்துக்கு.
சுவரில் சிவப்புப் புள்ளி.
எழுதுகிறாள்.

நாலைந்து மாதமாகவே அது தலைக்கு மேல் வரத் தயங்கியது.
பாறை விளிம்பை நோக்கி நான் ஓட
பின்னாலேயே நின்றது,
பந்திக்குக் கூப்பிடவில்லையென்று முறைத்துக்கொண்ட
மாமனைப்போல.
காற்றைக் குறை சொன்னேன்.
கலங்கரை விளக்கத்தின் பக்கம் காற்று உடைகிறது என்றேன்.
எடை போட்டுவிட்டேனென்று ராத்திரிச் சோற்றை விட்டேன்.

கயிறு என்றால் இழுபட்டு நீளும்,
அதுதானே.

ஏ வரிசை: கூடுதல் ஆறு, கூடுதல் ஒன்பது.
நூற்று நாற்பது மணிநேரம் என்னைச் சுமந்தவை.
பி வரிசை: கூடுதல் இரண்டு.
சி வரிசை:
குறைவு இருபத்துநாலு.
குறைவு இருபத்தெட்டு.
குறைவு முப்பத்தொன்று.

'தப்பா எழுதிட்டே.'
'திரும்ப இழு.'
இழுத்தேன். முப்பத்தொன்று.
மூன்றாம் முறையும் முப்பத்தொன்று.

'பாரம் ஏறுனது நிக்கும் மக்கா.
சும்மா கெடந்ததுதான் சுருங்கும்.
ஈரம் குடிச்சி, உப்பு குடிச்சி,
உள்ளுக்குள்ள கெட்டிச்சிப் போவும்.
அதாக்கும் காரியம்.'

பின்வரிசை குறுகினால்
துணியின் வால் இறங்கும், மூக்கு வானம் பார்க்கும்.
பறப்பதாகவே தோன்றும்.
கீழே படகுகள், கோவில் கோபுரம்,
எல்லாம் இருந்த இடத்தில்.
பறப்பது மட்டும்
மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் குறைந்துகொண்டிருக்கும்.

கடைசியாக பிரேக் கயிறுகள்.
வலது, இடதைவிடப் பதினேழு நீளம்.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.
'எப்பவும் வலத்துப் பக்கந்தான் திரும்புவியா?'
ஆமாம்.
'எடது கையில என்ன வச்சிருப்பே?'

போன்.

பெல்லார்மின் அண்ணன் மனாமாவில் பத்தொன்பது வருடம்.
அவன் பணத்தில் வீட்டுக்கு இரண்டாம் மாடி.
கான்கிரீட் போட்ட அன்று,
மேலே தண்ணீர் கட்டி நிறுத்திய அன்று,
கைப்பிடிச் சுவருக்கு, டேங்குக்கு,
ஒவ்வொன்றுக்கும் கேட்பான்:
லேய், மேலேயிருந்து காட்டு.
இடது கையில் அவனைப் பிடித்துக்கொண்டு
வலது கையால் வட்டமடிப்பேன்.
டேங்கின் மூடியை ஒருநாள் எண்ணிக்கையில்லாமல்
சுற்றியிருக்கிறேன்.

மெர்சலின் ஒன்றும் சொல்லவில்லை.
சி வரிசையின் வளையங்களைத் திருகித் திறந்து
இரட்டைக் கண்ணிகளை ஒற்றையாக்கினாள்.
கயிற்றுக்குப் பதினாலு கிடைத்தது.
மிச்சத்துக்கு
ஹால் ஜன்னல் கம்பியில் கட்டி
இரண்டு பேரும் சாய்ந்து இழுத்தோம்.
இருபது கிலோ. இருபத்தைந்து.
உள்ளே ஏதோ முனகியது.

'அறுந்துரப் போவுது.'
'அறுற சத்தம் வேற' என்றாள்.

இருட்டும்போது
ரூல் போட்ட தாளில் நாலு பத்தி எண்கள்,
முன்னால் கூடுதல், பின்னால் குறைவு,
அடியில் அவள் கையெழுத்து, தேதி,
கம்பெனிப் பழக்கத்தில்.

அதைப் படமெடுத்து
எதற்கென்று தெரியாமலே அண்ணனுக்கு அனுப்பினேன்.
அங்கே ஷிப்ட் முடியாத நேரம்.
எழுத்து ஒன்றும் சேர்க்கவில்லை.

இரண்டு நீலக் கோடு உடனே விழுந்தது.
தட்டச்சு செய்கிறான், நிறுத்துகிறான்,
மறுபடி செய்கிறான்.

எவ்வளவு ஆகும்?